பெட்டியின் சாவி: அறிபுனைத் தொடர்களில் ஊக்கமருந்தும் படைவீரர்களும்

‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில், ஜெம்ஹடார் என்னும் படையினருக்கு மருந்து வழங்குவதற்கென்றே ஒரு சடங்கு உண்டு. அவர்களை நடத்தும் வோர்ட்டா அதிகாரி, பூட்டிய பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார். அணியின் மூத்தவன் முன்னால் வந்து நிற்பான். உன் ஆட்களின் விசுவாசத்துக்கு நீ பொறுப்பேற்கிறாயா என்று அதிகாரி கேட்பார். இன்று முதல் சாகும்வரை, தங்களைப் படைத்த நிறுவனர்களுக்கே கட்டுப்பட்டவர்கள் என்று அவன் வாக்களித்த பிறகே குப்பிகள் வெளியே வரும். ஒவ்வொருவனும் தன் குப்பியைப் பொருத்திக்கொள்ள, கழுத்தில் செருகிய குழாய் வழியாக வெண்ணிற நீர்மம் உடலுக்குள் இறங்கும். கெட்ரசெல் வொயிட் என்பது அந்த மருந்தின் பெயர். ஜெம்ஹடார்கள் உண்பதில்லை, உறங்குவதில்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குப்பிக்குள் இருக்கிறது.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர். கடையை அடைத்த பிறகு அறிபுனைத் தொடர்கள் பார்ப்பது நெடுநாள் பழக்கம். படைவீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுக்கும் காட்சி எந்தத் தொடரில் வந்தாலும் என் கவனம் மருந்தின் மீது நிற்பதில்லை, அதைக் கொடுக்கும் கையின் மீது போய் நிற்கிறது. இத்தகைய கதைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வலிமையைப் பற்றியே பேசுகிறார்கள்: எவ்வளவு வேகம், எத்தனை பேரை ஒருவனே வீழ்த்துவான், காயம் எத்தனை விரைவில் ஆறும் என்றெல்லாம். அந்தக் கதைகளில் சிறந்தவை வேறொன்றைச் சொல்கின்றன என்பது என் எண்ணம். ஒரு படைவீரனுடைய விசுவாசத்தை அவனுடைய உடலின் தேவையாக மாற்றிவிட முடியும் என்பதே அவை சொல்லும் செய்தி. அப்படி மாற்றியவர்கள் பிறகு அவனிடம் எதைக் கேட்டாலும் அவன் கொடுத்தாக வேண்டும்.

வொயிட் ஜெம்ஹடார்களின் வலிமையைக் கூட்டுவதற்காகக் கொடுக்கப்படுவது அன்று. 1994இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், கண்டெடுக்கப்பட்ட ஜெம்ஹடார் குழந்தை ஒன்று வெகுவேகமாக வளர்கிறது. அதன் உடலில் இன்றியமையாத நொதி ஒன்று இல்லை என்பதை மருத்துவர் பஷீர் கண்டுபிடிக்கிறார். அது நோயன்று, படைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த குறை. இன்சுலின் சுரக்காத உடலைத் திட்டமிட்டு உருவாக்கி, பிறகு இன்சுலினைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்வதைப் போன்றது இது. உலகில் எந்த ஊக்கமருந்தும் இவ்வளவு நேர்த்தியாகக் கீழ்ப்படிதலை வாங்கித் தந்ததில்லை. ஆனால் ஊக்கமருந்து கொடுக்கப்பட்ட ஒவ்வொரு படையிலும் இதன் சாயல் ஏதோ ஓர் அளவில் இருந்திருக்கிறது.

இதைத் தமிழர் எவரும் எளிதில் புரிந்துகொள்வார்கள் என்றே நினைக்கிறேன், ஏனெனில் செஞ்சோற்றுக் கடன் என்னும் அறத்தை நாம் குழந்தைப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கர்ணனுக்கு அடுத்தபடியாக அந்த அறத்துக்குச் சான்றாக நிற்பவன் கம்பனின் கும்பகருணன். உறக்கத்திலிருந்து அடித்தும் மிதித்தும் எழுப்பப்பட்டு, அறுநூறு வண்டிச் சோறும் குடம் குடமாகக் கள்ளும் கொடுக்கப்பட்டு, போர்க்களத்துக்கு அனுப்பப்படுகிறவன் அவன். அண்ணன் செய்தது பிழை என்பது அவனுக்குத் தெரியும். வீடணன் நேரில் வந்து இராமன் பக்கம் வந்துவிடு என்று அழைத்தபோதும், இத்தனை காலம் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் போகமாட்டேன் என்று மறுக்கிறான்.

அதே ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் 1997இல் வெளியான ‘ராக்ஸ் அண்ட் ஷோல்ஸ்’ அத்தியாயத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கும்பகருணனே நினைவுக்கு வந்தான். ஆளில்லாத கோளொன்றில், பஷீர் சேர்ந்த கூட்டமைப்பின் அணி வந்த கப்பலும் ஜெம்ஹடார்களின் கப்பலும் விழுந்து கிடக்கின்றன. வோர்ட்டா அதிகாரி கீவானிடம் ஒரே ஒரு குப்பி மருந்துதான் எஞ்சியிருக்கிறது. அது தீர்ந்தால் ஜெம்ஹடார்கள் வெறிகொண்டு தன்னையும் கொன்றுவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே தன் ஆட்கள் எந்த வழியாக வந்து தாக்குவார்கள் என்பதை எதிரித் தளபதி சிஸ்கோவிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் அத்தனை பேரையும் காவு கொடுத்துவிட்டுத் தான் மட்டும் கைதியாகி உயிர் பிழைக்கத் திட்டமிடுகிறான். படையின் தலைவனான ரெமாட்டாக்லான் இதை உணர்ந்துகொள்கிறான். சிஸ்கோ அவனைச் சந்தித்து, உன் அதிகாரி உன்னை விற்றுவிட்டான், சரணடைந்தால் மருந்துக்கு வழி காணும்வரை உங்களை மயக்கத்தில் வைத்துக் காப்பாற்ற எங்கள் மருத்துவரால் முடியும் என்று சொல்லிப் பார்க்கிறார். அவன் மறுக்கிறான். விட்டுக்கொடுப்பதற்கு இந்த உயிர் என்னுடையதன்று, என்றுமே அது என்னுடையதாக இருந்ததில்லை என்னும் பொருளில் அவன் பதில் சொல்கிறான். பிறகு, தெரிந்தே சாவதற்கு நடந்து வருகிறான்.

இருவரும் ஒரே அழைப்பை மறுத்தவர்கள்தாம். ஆனாலும் இருவரையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. கும்பகருணன் உண்ட சோறு அவன் அண்ணன் வீட்டுச் சோறு. அதற்குப் பின்னால் ஒரு பிறப்பும் வளர்ப்பும் உறவும் இருந்தன. அவன் போகாமல் இருந்திருந்தாலும் பசியால் செத்திருக்கமாட்டான், ஆகவே அவனுடைய மறுப்பு அவனே எடுத்த முடிவு. ரெமாட்டாக்லானுடைய கடனோ அவன் கருவாவதற்கு முன்பே எழுதப்பட்டது. அவனிடம் நாம் காணும் கண்ணியம் உண்மையானது. அந்தக் கண்ணியத்தைச் சுரண்டி எடுப்பதற்கென்றே அவனுடைய உடல் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதும் உண்மை. அந்தக் காட்சியை நான் பார்க்கும் போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது கீவான் மீதுகூட அன்று. அந்த நொதியை நீக்கிய, திரையில் முகம் காட்டாத அந்த ஆய்வுக்கூடத்தின் மீதுதான்.

மனிதர்களின் படைகளில் யாரும் நொதியை நீக்கவில்லை. மாத்திரைகளைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஜெர்மனியின் டெம்லர் நிறுவனம் 1938இல் பெர்விட்டின் என்ற பெயரில் மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான சில மாதங்களில் மட்டும், பிரான்சின் மீதான படையெடுப்பை ஒட்டி, ஜெர்மானியத் தரைப்படைக்கும் வான்படைக்கும் ஏறத்தாழ 3.5 கோடி மாத்திரைகள் அனுப்பப்பட்டன. பிரிட்டனும் அமெரிக்காவும் தம் வீரர்களுக்குப் பென்செட்ரின் என்னும் ஆம்ஃபெட்டமின் மாத்திரை கொடுத்தன. பின்னாளில், 1972இல், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் பியோல் அப்போது ஜெர்மானியப் படையில் இளம் சிப்பாய். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விட்டின் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். படை கொடுத்தது போதாமல் தாய் தந்தையிடமும் கேட்க வேண்டியிருந்த அந்த இளைஞனுக்கும், குப்பிக்காக வரிசையில் நிற்கும் ஜெம்ஹடாருக்கும் இடையில் நெடுந்தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த மருந்துகள் என்ன செய்கின்றன என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள் மூளையில் டோப்பமினும் நார்அட்ரினலினும் மிகுதியாக வெளிப்படச் செய்கின்றன. களைப்பு தெரியாது, பசி அடங்கும், செய்யும் காரியத்தில் மனம் குத்திட்டு நிற்கும். ஆனால் உறங்காத இரவுகளின் கணக்கு அப்படியே இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஒருவனுக்குத் தன் முடிவின் மீதுள்ள நம்பிக்கை கூடுகிறது, அந்த முடிவு சரியாக இருப்பதற்கான வாய்ப்பு அதே அளவுக்குக் கூடுவதில்லை. துப்பாக்கி பிடித்தவனுக்கு இதைவிட ஆபத்தான நிலை வேறு என்ன இருக்கிறது? தேர்வுக் காலத்தில் தூக்கம் வராமலிருக்க மாத்திரை கேட்டுக் கடைக்கு வரும் பிள்ளைகளிடமும் இதையே சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். அவர்கள் கையில் இருப்பது பேனா என்பதால் எனக்குச் சிறிது ஆறுதல்.

இதை நான் அறிந்தவரையில் மிக நன்றாகக் காட்டிய தொலைக்காட்சிப் படைப்பு, புதிதாக எடுக்கப்பட்ட ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொடரின் ‘33’ என்னும் அத்தியாயம். 2004இல் முதலில் பிரிட்டனில் ஒளிபரப்பானது. உயிர் பிழைத்த மனிதர்களின் கப்பல்கள் எங்கே தாவிச் சென்றாலும் 33 நிமிடங்களுக்கு ஒருமுறை சைலான் எதிரிகள் வந்துவிடுகிறார்கள். ஐந்து நாட்களுக்கு மேல் எவரும் உறங்கவில்லை. விமானிகள் ஊக்கமாத்திரைகளின் துணையால் பறக்கிறார்கள். காரா த்ரேஸ் மாத்திரை எடுக்கத் தயங்குகிறாள். அவளுடைய நண்பனும் மேலதிகாரியுமான லீ அடாமாவுக்கும் அவளுக்கும் அதைப் பற்றி வாக்குவாதம் மூளுகிறது. கடைசியில் நட்பு தோற்றுப் பதவி வெல்கிறது. பிறகு அந்த இருவருமே, எதிரி ஊடுருவியிருக்கக்கூடும் என்ற ஐயத்தில், 1,345 பேர் ஏறியிருந்த ஒலிம்பிக் கேரியர் என்ற பயணக் கப்பலைச் சுட்டு அழிக்க வேண்டி வருகிறது. உள்ளே அப்போது ஆட்கள் இருந்தார்களா என்பதை அந்த அத்தியாயம் நமக்கு உறுதியாகச் சொல்வதில்லை. மாத்திரைதான் சுட வைத்தது என்றும் சொல்வதில்லை. உறங்காத, மருந்தேறிய கண்கள் சன்னலுக்குள் உற்றுப் பார்ப்பதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதே தொடரில் 2005இல் வந்த வேறோர் அத்தியாயத்தில், கேட் என்னும் இளம் விமானி இந்த மாத்திரைகளுக்கு அடிமையாகித் தரையிறங்கும்போது நிலைகுலைவதையும் காட்டினார்கள். அது சற்று நேரடியான பாடம்; ‘33’ அளவுக்கு என்னைத் தைக்கவில்லை.

‘33’ ஒளிபரப்பாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2002 ஏப்ரலில், ஆப்கானிஸ்தானின் கந்தகார் அருகே தார்னாக் பண்ணை என்ற இடத்தில் இரவுப் பயிற்சியில் இருந்த கனடா நாட்டுப் படையினர் மீது அமெரிக்க எஃப்-16 விமானி ஒருவர் குண்டு வீசினார். தம்மைத்தான் தரையிலிருந்து சுடுகிறார்கள் என்று அவர் எண்ணிவிட்டார். நால்வர் இறந்தனர், எண்மர் காயமுற்றனர். விமானிகளுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் வழங்கப்பட்டிருந்தன என்பது விசாரணையின்போது உலகறிந்த செய்தியாயிற்று. மாத்திரையே அவர்களுடைய மதிப்பீட்டைக் கெடுத்தது என்று வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். வான்படை அதை ஏற்கவில்லை. என் மனத்தில் அதிகம் உறுத்துவது அந்தச் சர்ச்சை அன்று, விமானிகள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம். மாத்திரை எடுப்பது அவரவர் விருப்பம் என்று அதில் இருந்தது. எடுக்க மறுத்தால், பறக்கத் தகுதியற்றவர் என்று மேலதிகாரி அவரைத் தரையிலேயே நிறுத்திவிடலாம் என்பதும் இருந்தது. பறப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் முன் இப்படியொரு காகிதத்தை நீட்டிவிட்டு அதற்குச் சம்மதம் என்று பெயர் வைப்பதை, மருந்து கொடுக்கும் தொழிலில் இருக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியில் இவர்களைச் சொல்தா என்போம். இரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும்போது சிறிது நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். பட்டாளத்தில் ஊசி போடும்போது என்ன மருந்து என்று சொல்வார்களா மாமா என்று ஒருமுறை கேட்டேன். “ஏம்மா, வரிசையில நின்னா சட்டையைக் கழட்டணும், கையை நீட்டணும், அவ்வளவுதான். என்ன ஊசின்னு கேக்கற பழக்கமே அங்க கிடையாது” என்றார். குறையாகச் சொல்லவில்லை, பணியாற்றிய பெருமிதம் அவருக்கு இன்றும் உண்டு. ஆனால் என் கடையில் தலைவலி மாத்திரை வாங்குகிறவர்கூட இது எதற்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். சீருடை அணிந்தவுடன் அந்தக் கேள்வி உதட்டிலிருந்து போய்விடுகிறது என்பதே எனக்குக் கலக்கமாக இருந்தது.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே முதல் உலகப் போரில் உயிர் நீத்தவர்களின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று சொல்தாக்கள் பதக்கங்களுடன் அங்கே கூடுவார்கள். அந்தப் போரில் பிரெஞ்சு வீரனுக்கு நாளொன்றுக்கு வழங்கப்பட்ட ஒயின் 1914இல் கால் லிட்டராகவும் 1916இல் அரை லிட்டராகவும் இருந்தது. பதுங்குகுழியிலிருந்து பாய்வதற்கு முன்பு சாராயமும் ஊற்றிக் கொடுத்தார்கள். புதுச்சேரி இந்திய ஒன்றியத்துடன் இணைந்த அதே 1954இல், வியட்நாமின் தியன் பியன் பூ முற்றுகையில் சிக்கிய பிரெஞ்சுப் படையினரிடம் மாக்சித்தோன் என்னும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் புழங்கின. நம் பழைய புறத்திணை மரபில், ஆநிரை கவர்ந்து மீண்ட வீரர்கள் கூடிக் கள்ளுண்டு மகிழும் உண்டாட்டு என்னும் துறை உண்டு. அங்கே கள் வெற்றிக்குப் பின் வருகிறது, ஊரோடு பகிரப்படுகிறது. பாய்வதற்கு முன் அளந்து ஊற்றப்படும் சாராயம் வேறு வகையானது, அளக்கிறவர் உடன் பாயப்போவதில்லை.

அளக்கிறவரும் உடன் பாய்கிற கதை ஒன்றும் உண்டு. ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரில் விண்கலம் கடுமையாக முடுக்கப்படும்போது உடல் நசுங்காமலும் மூளையில் இரத்தக்குழாய் வெடிக்காமலும் காப்பதற்கு, ஜூஸ் என்று அவர்கள் அழைக்கும் மருந்துக் கலவை இருக்கையிலிருந்தே உடம்பில் ஏற்றப்படுகிறது. தலைவனுக்கும் பொறியாளருக்கும் அதே ஊசி, அதே வலி. அங்கே மருந்து எனக்கு அச்சம் தரவில்லை. மருந்துகளைப் பொதுவாகவே பழிப்பதற்காக இதை எழுதவில்லை என்பதால் இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டியிருந்தது.

போருக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதைக் கேட்ட கதைகள் குறைவு. 1990இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ‘தி ஹண்டட்’ அவற்றுள் முதன்மையானது. அங்கோசியா என்னும் கோளின் அரசு, அமைதியை விரும்பும் தன் குடிமக்களை வேதிப்பொருள்களாலும் உளவியல் பயிற்சியாலும் மாற்றிக் கொலைக்கருவிகளாக ஆக்குகிறது. போர் முடிந்ததும் அவர்களை ஊருக்குள் விட அஞ்சி, நிலாவொன்றில் வசதியான குடியிருப்பு என்ற பெயரில் சிறை வைக்கிறது. தப்பித்து வரும் ரோகா டனார், மேம்படுத்தப்பட்ட தன் அனிச்சை வேகம் 84 பேரைக் கொல்ல உதவியதையும், மேம்படுத்தப்பட்ட தன் நினைவாற்றல் அந்த 84 முகங்களையும் மறக்கவிடாமல் வைத்திருப்பதையும் சொல்லுமிடத்தில் நான் தொடரை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். சிறிது நேரம் கழித்துத்தான் மீண்டும் பார்க்க முடிந்தது. நிஜ வரலாற்றிலும் கணக்கு போருடன் முடியவில்லை. ஜப்பானில் போர்க்காலத்தில் புழங்கிய ஹிரோப்பான் என்னும் மெத்தாம்ஃபெட்டமின், தோல்விக்குப் பின் ஊரெங்கும் பரவி, 1951இல் தனிச் சட்டம் இயற்றித் தடுக்க வேண்டிய அளவுக்கு வளர்ந்தது.

யாருடைய உடலில் முதலில் சோதிக்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. 2021இல் வந்த ‘தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்’ தொடரில், உடலை அபார வலிமையாக்கும் மாவீரச் சீரம் இரகசியமாக ஏற்றப்பட்ட கறுப்பினப் படைவீரர் ஐசையா பிராட்லி, புகழுக்கு மாறாக முப்பது ஆண்டுச் சிறையும் உடற்சோதனைகளும் பெற்றவர். இதை மிகை என்று நினைக்கிறவர்கள், பிரிட்டிஷ் ஆட்சியின்போது ராவல்பிண்டியில் இந்தியச் சிப்பாய்கள் மீது, தோலைக் கொப்புளிக்கச் செய்யும் கடுகு வாயுவைப் பாய்ச்சிச் சோதித்ததை நினைத்துக்கொள்ளலாம். அது ஊக்கமருந்து அன்று. சிப்பாயின் தோல் அரசாங்கத்தின் உடைமை என்ற எண்ணம் மட்டும் இரண்டுக்கும் பொது.

‘ஸ்டார்கேட் அட்லாண்டிஸ்’ தொடரின் லெப்டினன்ட் ஃபோர்டு பாதிக்கப்பட்டவனே கொடுக்கிறவனாகவும் மாறுவதைக் காட்டுகிறான். ரெய்த் என்னும் எதிரியின் நொதி அளவுக்கு மீறி அவன் உடலில் ஏறி, அபார வலிமையையும் தீராத தேவையையும் தந்துவிடுகிறது. 2005இல் வந்த ‘தி லாஸ்ட் பாய்ஸ்’ அத்தியாயத்தில் அவன் தன் பழைய தோழர்களைப் பிடித்து வைத்து, அவர்கள் உண்ணும் உணவிலேயே அந்த நொதியைக் கலந்துவிடுகிறான். அவர்களுக்கு அதனால் நன்மை என்று அவன் உளமார நம்புகிறான். தீய நோக்கம் இல்லாமலே இதைச் செய்ய முடியும் என்பதுதான் அந்த அத்தியாயத்தின் கனம்.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் 1995இல் வந்த ‘ஹிப்போகிரட்டிக் ஓத்’ என்னும் அத்தியாயம். கோரனாகர் என்ற ஜெம்ஹடார் தலைவன் எப்படியோ மருந்து இல்லாமல் வாழப் பழகிவிட்டவன். தன் வீரர்களையும் விடுவிக்க விரும்பி, சிறைப்பிடித்த பஷீரிடம் மாற்று மருந்து கண்டுபிடிக்கச் சொல்கிறான். அவனுடைய உடலமைப்பே இயல்பில் வேறுபட்டது என்று பஷீர் காண்கிறார். இருந்தும் மற்றவர்களுக்காகத் தொடர்ந்து முயல்கிறார். பஷீருடன் சிறைப்பட்ட சக பணியாளர் ஓபிரையனோ, கட்டு அறுந்த ஜெம்ஹடார்கள் உலகங்களையே சூறையாடுவார்கள் என்று அஞ்சி ஆய்வுப் பொருள்களை அழித்துவிடுகிறார். கோரனாகர் அந்த இருவரையும் போகவிட்டு, மருந்தின்றித் துடித்துச் சாகப்போகும் தன் ஆட்களுக்கு விரைவான சாவையாவது தருவதற்காகப் பின்தங்கிவிடுகிறான். பார்த்தவர்கள் பலர் ஓபிரையன் பக்கம் நிற்பதை அறிவேன். அவருக்கு மனைவியும் மகளும் காத்திருந்தார்கள்; அவருடைய அச்சம் வெறும் கற்பனையும் அன்று. ஆனாலும் நான் பஷீர் பக்கம்தான். விடுபட்ட பிறகு அவர்கள் கொல்வார்களா மாட்டார்களா என்பது அந்த வீரர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பிறந்த நாள் முதல் எதையும் தாமாக முடிவு செய்ய அனுமதிக்கப்படாத அவர்களுக்கு, அந்த ஒரு பதிலைச் சொல்லும் வாய்ப்பையாவது கொடுத்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.